குட்டி வண்டிக்கு மட்டும்

பெரிய வண்டியை உதைத்துக் கிளப்புவதற்கு முன் மாதப்பன் அதை மூன்று முறை சுற்றி வந்தான். டயர்களை அழுத்திப் பார்த்தான். இடப்பக்கம் ஆள் உட்காரும் தொட்டி மாதிரி ஒட்டியிருந்த சைடுகாரைப் பிடித்திருந்த நான்கு நட்டுகளையும் ஸ்பானரால் தொட்டு எண்ணினான். பிறகு சட்டைப் பையிலிருந்த நோட்டை எடுத்து, நட்டு நான்குதானா ஐந்தா என்று இன்னொரு முறை பார்த்துக்கொண்டான்.

"பொண்ணு பாக்க வந்தவனாட்டம் சுத்தறியே, தம்பி. பாத்தது போதும், ஏறு" என்றார் சைடுகாருக்குள் இருந்து சவுரியப்பன்.

சவுரியப்பன் டென்ட் கொட்டகையின் ஆபரேட்டர். படம் ஓட்டும் மெஷினும் அதன் கார்பன் விளக்கும் அவர் கைக்கு மட்டுமே அடங்கும். இன்றைக்கு அவர் உட்கார இடம் போதவில்லை. பதினெட்டு ரீல், ஒன்பது தகரப் பெட்டி. காலடியில் நான்கு, முதுகுக்குப் பின்னால் மூன்று, மடியில் இரண்டு. அந்தக் காலத்து ஃபிலிமுக்குப் பஞ்சே தேவலை. ஒரு பொறி பட்டால் போதும், தண்ணீருக்குள் போட்டாலும் நின்று எரியும். அதனால் காரிமங்கலத்தை விட்டுக் கிளம்பும்போதே அவர் தீப்பெட்டியைக் கொட்டகைக் காவல்காரனிடம் கொடுத்துவிட்டு, பற்ற வைக்காத பீடி ஒன்றைப் பல்லில் கடித்துக்கொண்டு ஏறியிருந்தார்.

யுத்தம் முடிந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. முதலாளி முனியப்பனின் டென்ட் காரிமங்கலத்தில் சந்தையை ஒட்டி மூன்று நாள் ஓடிவிட்டு, இன்று முதல் தொப்பூரில். துணியும் கம்பமும் மெஷினும் முந்தின இரவே மாட்டு வண்டியில் போய்விட்டன. படப்பெட்டியை மட்டும் முதலாளி மாட்டு வண்டிக்கும் விட மாட்டார், வழியில் நாலு தரம் நின்று கரி போட்டு மூச்சு வாங்கும் கரிவாயு பஸ்ஸுக்கும் விட மாட்டார். அது மோட்டார் சைக்கிளில்தான் போக வேண்டும்.

போன வாரம் வரைக்கும் அந்த வேலையைச் செய்தது குட்டி வண்டி. ஓர் ஆள் தூக்கி வேலிக்கு அந்தப் பக்கம் வைத்துவிடலாம், அவ்வளவுதான் கனம். சவுரியப்பன் அதற்கு வெட்டுக்கிளி என்று பெயர் வைத்திருந்தார். ஒரு நடைக்கு மூன்று பெட்டி தாங்கும். ஒரு படத்தை ஊர் மாற்ற மூன்று நடை. பெட்ரோலோ ரேஷன் கூப்பனுக்குத்தான் கிடைக்கும். முதலாளி யோசித்துப் பார்த்து, பெங்களூரில் பட்டாளத்து வண்டிகளை ஏலம் விட்டபோது சைடுகார் வைத்த பெரிய வண்டி ஒன்றை எடுத்து வந்தார். அதை சவுரியப்பன் எருமை என்றார்.

எருமையை யார் ஓட்டுவது என்பதுதான் பேச்சு. மாதப்பன் இரண்டு வருஷம் வாசலில் நின்று டிக்கெட் கிழித்தவன். அங்கிருந்து வெட்டுக்கிளிக்கு ஏறி எட்டு மாதம்தான். முதலாளி நேற்றே சேலத்திலிருந்து ஆண்டி என்ற டிரைவரைத் தொப்பூருக்கு வரவழைத்துவிட்டார்.

"ஒம்பது பெட்டியும் ஒரே நடையில, சேதாரமில்லாம, மொத ஆட்டத்துக்கு முன்னால வந்து சேந்துச்சுன்னா வண்டி உங்கிட்டயே இருக்கட்டும். இல்லீன்னா ஆண்டி ஓட்டட்டும். நீ பழையபடி வாசல்ல நில்லு" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

முதல் ஆட்டம் ஆறரைக்கு. மாதப்பன் இரண்டு மணிக்கே கிளம்பினான்.

தருமபுரி வரைக்கும் வண்டி பெண்டாட்டி மாதிரி அல்ல, மாமியார் மாதிரி நடந்துகொண்டது. ஆக்சிலேட்டரைத் திருகினால் இடப்பக்கம் இழுத்தது. பிரேக்கைத் தொட்டால் சைடுகார் முன்னால் முட்டிக்கொண்டு வந்து வலப்பக்கம் தள்ளியது. குட்டி வண்டியில் கியர், டாங்கிக்குப் பக்கத்தில் கையால் தள்ளும் குச்சி. இதில் வலது காலால் மாற்ற வேண்டும். கை பழக்கத்தில் டாங்கியைத் தேடித் தேடித் திரும்பியது.

"அங்க என்னடா தடவறே? எருமைக்கு மடி அங்க இல்ல" என்றார் சவுரியப்பன்.

"பழகிடுமுங்க அண்ணா."

"உனக்குப் பழகுமா, அதுக்குப் பழகுமா?"

இதே கேள்வியை மாதப்பன் காலையிலிருந்து தன்னிடமே கேட்டுக்கொண்டிருந்தான். அதியமான்கோட்டை தாண்டியது, நல்லம்பள்ளி தாண்டியது. நாலு மணி சுமாருக்குக் கணவாயின் தலைப்பில் வண்டியை ஓரம் கட்டினான். அங்கிருந்து சாலை மலையைச் சுற்றிச் சுற்றித் தொப்பூருக்கு இறங்கியது. வலப்பக்கம் முழுக்கப் பள்ளம். அடியில் காய்ந்த ஓடை ஒன்று வெள்ளைக் கோடாகக் கிடந்தது.

நோட்டைப் பிரித்தான். தருமபுரியில் சாயங்கால வகுப்பில் இங்கிலீஷ் பாடம் எழுதுகிற நோட்டு அது. பின்பக்கத்திலிருந்து வண்டி ஓட்டும் விதிகளை நம்பர் போட்டு எழுதி வைத்திருந்தான். நான்காவது விதிக்குக் கீழே இரண்டு கோடு.

'இறக்கத்தில் கியரில் இறங்கக் கூடாது. எஞ்சினை நிறுத்தி நியூட்ரலில் உருட்டவும்.'

அந்த இரண்டு கோடும் பட்டுத் தெரிந்துகொண்டவை. குட்டி வண்டிக்குப் பெட்ரோலிலேயே எண்ணெயைக் கலந்து ஊற்ற வேண்டும். இறக்கத்தில் ஆக்சிலேட்டரை மூடினால் பெட்ரோல் நின்றுபோகும், கூடவே எண்ணெயும் நின்றுபோகும். எஞ்சின் மட்டும் வறண்டு சுற்றும். முதல் மாதமே இதே கணவாயில் அப்படி இறங்கிப் பிஸ்டன் இறுகிப்போய், தொப்பூர் வரைக்கும் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனான். அன்றிலிருந்து எந்த இறக்கத்திலும் நான்காம் விதியை மீறியதில்லை.

இன்றும் மீறவில்லை. எஞ்சினை நிறுத்தினான். நியூட்ரலில் போட்டான். காலால் ஓர் உந்து உந்தினான்.

முதல் வளைவு சுகமாகப் போயிற்று. சத்தமே இல்லை, காற்று மட்டும். "பரவால்லியே, பல்லக்காட்டம் போவுது" என்றார் சவுரியப்பன். இரண்டாவது வளைவில் வேகத்தைக் குறைக்கப் பிரேக்கை மிதித்தான். குறைந்தது. மூன்றாவதில் மிதித்தான். குறையவில்லை என்று சொல்ல முடியாது. ஆனால் வண்டி கொஞ்சம் யோசித்துவிட்டுக் குறைத்த மாதிரி இருந்தது.

நான்காவது வளைவு இடப்பக்கம் திரும்பியது. சைடுகாரின் சக்கரம் தரையை விட்டு ஒரு விரல் எழும்பி மறுபடி விழுந்தது. பெட்டிகள் கடகடத்தன.

"டேய்! மெல்லப் போடா!"

"மெல்லத்தாங்க போறேன்."

"இதா மெல்ல?"

மாதப்பன் முன்பிரேக்கையும் சேர்த்துப் பிடித்தான். சைடுகார் தள்ளியது, வண்டியின் மூக்கு பள்ளத்தின் பக்கம் திரும்பியது. பதறிக் கையை விட்டான். மூக்கு நேரானது, வேகம் ஏறியது. பிடித்தால் பள்ளம், விட்டால் பாய்ச்சல். குட்டி வண்டி ஒரு நாளும் அவனை இப்படி இரண்டுக்கும் நடுவில் மாட்டிவிட்டதில்லை. அதற்குக் கனமே கிடையாது. இதற்கோ இரும்பு, ஆள், ஒன்பது பெட்டி. அத்தனை பாரத்தையும் இரண்டு பிரேக் கட்டைகள் மட்டுமே பிடித்துக்கொண்டிருந்தன.

கருகல் வாடை வந்தது. சவுரியப்பன் மூக்கை உறிஞ்சினார். பின்சக்கரத்தின் பிரேக் டிரம் அவர் முழங்கைக்கு ஒரு சாண் தள்ளித்தான் இருந்தது. அதிலிருந்து சாம்பல் நிறத்தில் புகை கிளம்பி, முதுகுக்குப் பின்னால் இருந்த பெட்டிகளைத் தடவிக்கொண்டு போயிற்று.

"மாதப்பா." அவர் குரல் சட்டென்று இறங்கிவிட்டது. "பொகையுதுடா. பொட்டி பக்கத்துல பொகையுது."

"தெரியுதுங்க."

"நிறுத்து."

"நிக்க மாட்டேங்குதுங்க அண்ணா."

சவுரியப்பன் மடியிலிருந்த பெட்டிகளைக் காலுக்கு முன்னால் தள்ளினார். முதுகுப் பக்கத்துப் பெட்டிகளை ஒவ்வொன்றாக இழுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, டிரம்முக்கும் அவற்றுக்கும் நடுவே தன் முதுகைக் கொடுத்து உட்கார்ந்தார்.

அடுத்த வளைவு திரும்பியதும் முன்னால் புளி மூட்டை ஏற்றிய லாரி ஒன்று தெரிந்தது. அதுவும் இறங்கிக்கொண்டிருந்தது, ஆனால் நடக்கிற வேகத்தில். எஞ்சின் மட்டும் மேட்டில் ஏறுவது போல ஓங்கிக் கத்திக்கொண்டிருந்தது. ஒதுங்கிப் போக இடமில்லை. லாரியின் வலப்பக்கச் சக்கரம் பள்ளத்தின் விளிம்பை ஒட்டி உருண்டது. நூற்றைம்பது கஜம் இருக்கும்.

இறங்குகிற லாரி எதற்குக் கத்துகிறது?

இந்தக் கேள்வி மாதப்பனுக்குள் எழுந்தபோதே அதன் பதிலும் கூட வந்துவிட்டது. அது எஞ்சினால் தன்னைப் பிடித்துக்கொண்டு இறங்குகிறது. கியரில் இறங்குகிறது. நான்காம் விதி எதைக் கூடாது என்கிறதோ அதைச் செய்துதான் அது மெதுவாகப் போகிறது. இந்த வண்டிக்கோ எண்ணெய்க்குத் தனி டாங்கி. காலையில் அவனே ஊற்றினான். பெட்ரோல் நின்றாலும் எண்ணெய் நிற்காது.

ஆனால் கியர் மேலா, கீழா? ஏழாவது விதி. 'மேலே ஒன்று. கீழே இரண்டு, மூன்று, நான்கு.' அப்படித்தான் எழுதினேனா? மாற்றி எழுதிவிட்டேனா? மேலே தூக்கி அது ஒன்றில் விழுந்தால் பின்சக்கரம் கட்டிக்கொண்டு வண்டியே குப்புறப் போகும். நோட்டு சட்டைப் பையில், நெஞ்சுக்கு மேலேயே இருந்தது. எடுக்கக் கை இல்லை.

எண்பது கஜம்.

அவன் கண்ணுக்கு முன்னால் அந்தப் பக்கத்தைக் கொண்டுவந்தான். இங்க் சிந்திய மூலை. அதற்குப் பக்கத்தில் 'மேலே' என்ற சொல். ஆமாம், மேலேதான் ஒன்று. கிளச்சைப் பிடித்துக் காலைக் கீழே மிதித்தான். கியரில் பல்லோடு பல் உரசிக் கறகறத்தது. இரண்டு. மறுபடி மிதித்தான், மறுபடியும். நான்காவது கியர். கிளச்சைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டான். எஞ்சின் தூக்கத்தில் உதை வாங்கியவன் போல உறுமி எழுந்தது. வண்டியை யாரோ பின்னாலிருந்து வேட்டியைப் பிடித்து இழுத்தது போல இருந்தது. காலால் தூக்கினான்: மூன்று. இழுப்பு கூடியது. லாரியின் பின்பலகையில் சாக்குத் தையல் தனித்தனியாகத் தெரிந்தது. தூக்கினான்: இரண்டு. எஞ்சின் ஓலமிட்டது. சவுரியப்பனின் நெற்றி முன்கண்ணாடியில் போய் மோதியது. வண்டி லாரிக்குப் பின்னால் பத்தடி இடைவெளியில், அதே நடை வேகத்தில், அதே போலக் கத்திக்கொண்டு இறங்க ஆரம்பித்தது.

அடிவாரத்துச் சமதரையில் நிறுத்தியதும் சவுரியப்பன் பெட்டிகளை இரண்டு இரண்டாகத் தூக்கிக்கொண்டுபோய் ஒரு புளிய மரத்தடியில் வைத்தார். ஒவ்வொன்றையும் கன்னத்தில் வைத்துச் சூடு பார்த்தார். எதுவும் சுடவில்லை. அவர் முதுகுப் பக்கச் சட்டைதான் பழுப்பேறி இருந்தது. பிறகு வாயிலிருந்ததைக் கையில் துப்பிப் பார்த்தார். பீடியில் பாதிதான் இருந்தது.

"கடிச்சே தின்னுட்டேன்டா" என்றார்.

டிரம் ஆறும் வரைக்கும் மாதப்பன் சாலையோரக் கல்லில் உட்கார்ந்து நோட்டைப் பிரித்தான். நான்காம் விதியை அடிப்பதற்குப் பென்சிலை வைத்தவன் நிறுத்தினான். விதியில் தப்பில்லை. அதற்கு மேலே சின்ன எழுத்தில் 'குட்டி வண்டிக்கு மட்டும்' என்று எழுதினான். எழுத்து கோணிப்போயிற்று.

"மொதலாளிகிட்ட பிரேக் சரியில்லைன்னு சொல்லிக்கலாம்" என்றார் சவுரியப்பன். "பெங்களூர்க்காரன் ஏமாத்திட்டான்னு. பட்டாளத்து வண்டிதானே, எவன் கேப்பான்?"

"பிரேக் நல்லாத்தாங்க இருந்துச்சு."

"அது எனக்குத் தெரியும், உனக்குத் தெரியும். அவருக்கு எதுக்குடா?"

"நாளைக்கு ஆண்டியண்ணன் பிரேக்கைப் பிரிச்சுப் பாப்பாருங்க."

"பாத்தா?"

மாதப்பன் நோட்டை மூடிப் பையில் வைத்தான்.

ஐந்தேமுக்காலுக்குத் தொப்பூர் டென்டுக்கு முன்னால் வண்டி நின்றது. முதலாளி முனியப்பன் பெட்டிகளை எண்ணினார். ஒன்பது. அவருக்குப் பின்னால், தோளில் துண்டு போட்ட சேலத்து ஆண்டி, டிரம்மில் சூட்டால் ஏறியிருந்த நீல நிறத்தைக் குனிந்து பார்த்தார். பார்த்துவிட்டு மாதப்பனைப் பார்த்தார்.

"எப்படி எறங்குச்சு?" என்றார் முதலாளி.

"நல்லா எறங்கலைங்க" என்றான் மாதப்பன். சொல்லத் தொடங்கியபின் நிறுத்தத் தெரியவில்லை. எஞ்சினை நிறுத்தியது, நியூட்ரலில் உருட்டியது, புகைந்தது, லாரி, எல்லாவற்றையும் வரிசை மாறாமல் சொன்னான். "தப்பு வண்டி மேல இல்லைங்க. குட்டி வண்டி ஓட்டற மாதிரி இதை ஓட்டிட்டேன்."

சவுரியப்பன் தலையைப் பிடித்துக்கொண்டு டென்டுக்குள் போய்விட்டார்.

முதலாளி டிரம்முக்குப் பக்கத்தில் குனிந்து முகர்ந்து பார்த்தார். "இப்ப எறங்கச் சொன்னா எப்படி எறங்குவே?"

"தலைப்புலயே ரெண்டாவது கியர் போட்டுருவேங்க. எஞ்சினை நிறுத்த மாட்டேன். பிரேக்கை விட்டு விட்டு மிதிப்பேன்."

முதலாளி ஆண்டியின் பக்கம் திரும்பினார். ஆண்டி மெல்லத் தலையசைத்தார்.

"ஆண்டி, நீ நாளைக்கு மத்தியானம் வரைக்கும் இரு" என்றார் முதலாளி. பிறகு சைடுகாரின் விளிம்பைப் பிடித்து அதன் அகலத்தையும் தன் வயிற்றையும் ஒரு முறை ஒத்துப் பார்த்தார். "மாதப்பா, காலைல ஏழு மணிக்கு வண்டியத் தொடைச்சு வை. கணவாய் மேல போயி எறங்கணும். பொட்டிக்குப் பதிலா நான் உக்காந்து வரேன்."

உள்ளே சவுரியப்பன் முதல் ரீலை மெஷினில் ஏற்றத் தொடங்கினார்.