வியாழக்கிழமை லீவு

எங்க வீட்டுல வாரம் முடியறது சனிக்கிழமை காலைலதான். நான் காப்பார்ல ஒரு கையுறை ஃபேக்டரியில லைன் சூப்பர்வைசர். எங்க வீட்டுக்காரர் யுகேந்திரன், பிரிக்பீல்ட்ஸ்ல ஒரு ஷிப்பிங் ஆபீஸ்ல கிளார்க். கிள்ளான்லேருந்து அவரு கொமுட்டர் ரயில் பிடிச்சு கோலாலம்பூர் போவாரு, நான் மோட்டார் சைக்கிள்ல காப்பார் போவேன். திங்கள்லேருந்து வெள்ளி வரைக்கும் "சாப்டீங்களா", "கேஸ் முடிஞ்சிருச்சு", இதுக்கு மேல எங்களுக்குள்ள பேச்சு கிடையாது. சனிக்கிழமை அவரு ரொட்டி சானாய் கட்டிக்கிட்டு வருவாரு. கிச்சன் மேசையில உக்காந்து ஒரு வாரத்துக் கதையை மொத்தமா கொட்டுவோம். முதல்ல வேலை, அப்புறம் குடும்பம், கடைசில பந்து மேட்ச். இருபத்திரெண்டு வருஷமா இதே வரிசைதான்.

எனக்கு வாய் கொஞ்சம் ஜாஸ்தி. நாள் பூரா மெஷின் சத்தத்துக்கு மேல கத்தி வேலை வாங்குறவ, வீட்டுக்கு வந்து மட்டும் எப்படி மெதுவா பேசுறது? அவரு அமைதி. ஆனா சனிக்கிழமை மட்டும் நல்லா பேசுவாரு. இந்த மூணு மாசமா இன்னும் கூடுதலா பேசுனாரு. எல்லாம் அந்த மேனேஜர் தனேஷ் பண்ற அநியாயம்தான்.

தைப்பூசத்துக்கு மறுவாரம் சனிக்கிழமையும் அப்படித்தான் ஆரம்பிச்சாரு.

"வியாழக்கிழமை அவன் என்ன பண்ணான் தெரியுமா புஷ்பா? ஒரே ஃபாரத்தை மூணு தடவை திருப்பி அனுப்பிட்டான். எல்லாரும் பார்த்துக்கிட்டு இருக்காங்க, 'அங்கிள், கண்ணு தெரியலன்னா வீட்டுல உக்காருங்களேன்'னு சொல்றான்."

எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. "அவனைப் பெத்தவங்க மரியாதைன்னு ஒண்ணு சொல்லிக் குடுக்கலையா? விளங்குவானா அவன்? பத்துமலையில தைப்பூசத்தன்னிக்கே சொல்லிட்டுதான் வந்தேன், அந்த தனேஷ் தலையில இடி விழணும் முருகான்னு."

அவரு ரொட்டியைப் பிய்ச்சுக்கிட்டே, "அப்படியெல்லாம் வேண்டாதே லா"ன்னாரு.

அடுத்து குடும்பம். அது என் முறை. சுங்கை வேயில இருக்கான் என் தம்பி வாசு. வேலை போய் ஒரு வருஷம் ஆச்சு, அவன் பொண்டாட்டி சம்பாத்தியத்துல வீடு ஓடுது. "காலையில அவ வேலைக்கு ஓடுறா, இவன் சோபாவுல படுத்துக்கிட்டு டிவி பார்க்குறான். அவன்கிட்ட பேசவே எனக்கு அசிங்கமா இருக்கு. ஆம்பளைன்னு சொல்லிக்கிறதுக்கு ஒரு இது வேணாம்?"

அவரு நேரா பந்துக்குப் போயிட்டாரு. தைப்பூசத்தன்னிக்கு நம்ம டீம் கொரியாகாரனை மூணுக்கு மூணு இழுத்துப் பிடிச்சாங்கல்ல, அதைத் திரும்பவும் சொன்னாரு. எந்த நிமிஷம், யாரு காலு, கோல் கீப்பர் எந்தப் பக்கம் விழுந்தான், எல்லாம் மனப்பாடம். பேட்மிண்டனும் அப்படியே. வேலைக்கு நடுவுல இதெல்லாம் எப்பத்தான் பார்க்குறாரோன்னு நினைச்சேன். அதோட விட்டுட்டேன். அப்புறம் அவரு குளிக்கப் போனாரு.

அந்த நேரத்துல மக மலர் போன் பண்ணா. கல்யாணம் ஆகி காஜாங்ல இருக்கா, வேலை கோலாலம்பூர்ல. உடம்பெல்லாம் வலிக்குதும்மான்னா. ஏன்டின்னு கேட்டேன்.

"வியாழக்கிழமை லீவுல்ல, வீடு பூரா கழுவித் தொடச்சேன். அப்பா என்ன செஞ்சாரு, தூங்கினாரா?"

"என்ன லீவு?"

"விலாயா டே மா. உங்களுக்குச் சிலாங்கூர்ல இல்ல. கோலாலம்பூர்ல எல்லாருக்கும் லீவுதானே. அப்பா ஆபீஸும் மூடியிருக்குமே."

போனை வெச்சிட்டு அப்படியே உக்காந்திருந்தேன். பிப்ரவரி ஒண்ணு, கூட்டரசுப் பிரதேச தினம். வருஷா வருஷம் அன்னிக்கு நான் வேலைக்குப் போவேன், அவரு வீட்டுல இருந்து ஃபேன் எல்லாம் கழட்டித் தொடைப்பாரு. போன வருஷம்கூடத் தொடைச்சாரு. இந்த வருஷம் காலைல அஞ்சே முக்காலுக்குச் சட்டையை மாட்டிக்கிட்டுக் கிளம்பிப் போனாரு. லீவு வருதுன்னு ஞாபகப்படுத்த ஒரு ஆபீஸ் இருந்திருந்தா மறந்திருக்க மாட்டாரு.

துண்டோட வெளிய வந்தாரு. நான் கத்தல. கத்தாததைப் பார்த்தே பயந்துட்டாருன்னு நினைக்கிறேன்.

"வியாழக்கிழமை விலாயா டேங்க. ஆபீஸே கிடையாது."

அவரு நாற்காலியை இழுத்து மெதுவா உக்காந்தாரு. தலையிலேருந்து தண்ணி சொட்டிக்கிட்டு இருந்துச்சு.

"தீபாவளி முடிஞ்ச வாரமே முடிஞ்சிருச்சு புஷ்பா. ஆபீஸை பினாங்குக்கு மாத்திட்டாங்க. என்னை வேணாம்னு பணம் குடுத்து அனுப்பிட்டாங்க. மாசாமாசம் உன்கிட்ட சம்பளம்னு குடுத்தது அதுதான்."

"அப்ப அந்த தனேஷ்?"

"அவன் நல்ல பையன். எனக்காக மேலிடத்துல பேசிப் பார்த்தான், நடக்கல. கடைசி நாளன்னிக்கு என் பெட்டியை ஸ்டேஷன் வரைக்கும் அவன்தான் தூக்கிட்டு வந்தான்."

மூணு மாசம். பன்னெண்டு சனிக்கிழமை. அந்தப் பிள்ளையை வயிறெரிஞ்சு திட்டியிருக்கேன். கோயில் வாசல்ல நின்னு சாபம் விட்டிருக்கேன்.

"தினமும் எங்க போனீங்க?"

"சென்ட்ரல் ஸ்டேஷன்ல மேல ஒரு பெஞ்சு இருக்கு. அங்க இருப்பேன். போன்ல பழைய மேட்ச் பார்ப்பேன். மத்தியானம் கோயில்ல சாப்பாடு போடுவாங்க."

கோயில்ல வரிசையில நின்னு சாப்டிருக்காரு. காலைல எழுந்து நான் டப்பாவுல கட்டிக் குடுத்திருப்பேனே, ஒரு வார்த்தை சொல்லியிருந்தா. எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒண்ணா வந்துச்சு. "என்கிட்ட ஏன்யா சொல்லல? நான் என்ன மூணாம் மனுஷியா?"

அவரு என் முகத்தைப் பார்க்காம சொன்னாரு. "வாசுவைப் பத்தி நீ பேசுறதை வாரா வாரம் கேட்டுக்கிட்டுதானே இருந்தேன். இதைச் சொன்னா அதுக்கப்புறம் என்கிட்ட என்ன பேசுவே? சனிக்கிழமையும் போயிரும்னு பயந்துட்டேன்."

"வாசுவும் நீங்களும் ஒண்ணா?"ன்னு கேட்டேன்.

"என்ன வித்தியாசம்?"

இந்த நாக்கை அறுத்துப் போட்டா என்னன்னு இருந்துச்சு.

ஞாயித்துக்கிழமை வாசுவுக்குப் போன் பண்ணலாம்னு ரெண்டு தடவை எடுத்தேன். என்ன சொல்றதுன்னு தெரியாம வெச்சிட்டேன்.

திங்கட்கிழமை அஞ்சு மணிக்கு அவரு எழுந்துட்டாரு. பழக்கம். குளிச்சு, தேய்ச்ச சட்டை போட்டு, பெல்ட் கட்டி, ஹால்ல வந்து உக்காந்தாரு. ஷூ மட்டும் போடல.

"நான் இப்ப எங்க போறது புஷ்பா?"

"எங்கயும் போக வேணாங்க. வீட்டுல இருங்க. சாயங்காலம் வந்து ரெண்டு பேருமா தேடலாம்." நல்லபடியாத்தான் சொல்ல நினைச்சேன். ஃபேக்டரியில லீவு பாஸ் பண்ற குரல் மாதிரி வந்துச்சு. அவரு தலையாட்டினாரு. சோறும் குழம்பும் மேசையில மூடி வெச்சேன்.

எங்க வீட்டுல கடைசியா வெளிய போறவ நான். கிரில் கதவை இழுத்துச் சாத்தி, வெளிப்பக்கமா பூட்டு போட்டுட்டுக் கிளம்புறதுதான் வழக்கம். அன்னிக்குக் கிரில்லை மட்டும் சாத்திட்டு, பூட்டைக் கையில வெச்சுக்கிட்டு நின்னேன். உள்ள ஆள் இருக்கே.

எதிர் வீட்டுல பவுனம்மாள் அக்கா வாசலைக் கழுவிக்கிட்டே, "என்னம்மா, உங்க வீட்டுக்காரர் போயிட்டாரா?"ன்னு கேட்டாங்க.

உள்ளேருந்து, சோபாவுக்குப் பின்னால இருட்டா இருக்கற இடத்துலேருந்து, அவரு குரல் எனக்கு மட்டும் கேக்குற அளவுக்கு வந்துச்சு.

"பூட்டிட்டுப் போ புஷ்பா."

"போயிட்டாருக்கா"ன்னு சொல்லி, நான் வெளிப்பக்கம் பூட்டு போட்டேன்.