மண்டியோடு குடித்த கோப்பி

பாலேஸ்வரிக்கு வயிற்றில் ஏழு மாதம். ஒண்டியிருந்த அண்ணை வீட்டுக்கு அடுத்த கிழமை அண்ணியும் பிள்ளைகளும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இறங்குகிறார்கள். அதற்குள் வாடகைக்கு ஒரு பேஸ்மென்ற் வீடு கிடைக்காவிட்டால் நடுத்தெருதான். ரொறன்ரோவில் இதுவரை அவள் வயிற்றைப் பார்த்து முகம் சுளிக்காத வீட்டுக்காரர்கள் இரண்டே பேர். அந்த இரண்டையும் பாழாய்ப்போன கோப்பி கெடுத்தது.

முதலாவது பின்லாந்துக்காரி. கோப்பை காலியாகக் காலியாக ஊற்றிக்கொண்டே இருந்தாள். மறுத்தால் மரியாதையில்லை என்று இவளும் குடித்துக் குடித்து, கடைசியில் குடித்ததையெல்லாம் அந்த மனிசியின் கம்பளத்திலேயே சத்தி எடுத்தாள். அந்தப் பாடத்தால் அடுத்த வீட்டில் உசாராகப் பாதியை மிச்சம் விட்டாள். அந்த இத்தாலிக்காரனோ ஒரே மடக்கில் குடிப்பவன். தந்ததே இரண்டு வாய்க் கோப்பி, அதிலும் பாதி கிடப்பதைக் கண்டதும் மனிசனின் முகம் கறுத்துப்போனது. இடம் வேறு ஆளுக்குப் போய்விட்டதாம்.

இப்போது டான்போர்த்தில் கிரேக்கக் கிழவி இரினியின் வீடு. வாசலில் புருஷன் சிவபாதம் மெல்லச் சொன்னான்: "இஞ்சரும், இந்த முறை ஒரு சொட்டும் மிச்சம் விடாதையும்."

"திரும்ப ஊத்தினால்?"

"ஊத்தினால் நான் குடிக்கிறன்."

சின்னக் கோப்பையில் கோப்பி வந்தது. பாதிக்குக் கீழே சேறாய்க் கோப்பித்தூள். பல்லில் நறநறத்தது. பாலேஸ்வரி நல்லூர்க் கந்தனை நினைத்துக்கொண்டு அதையும் விழுங்கினாள்.

கிழவி கோப்பையைச் சோசரில் கவிழ்த்து நிமிர்த்தினாள். குடிவருகிறவர்களின் குணத்தை அடியில் மிஞ்சும் மண்டியில் பார்ப்பது அவள் வழக்கம். உள்ளே வெள்ளைப் பீங்கான்தான் இருந்தது.

"மண்டி எங்கே?" என்று உடைந்த இங்கிலீஷில் கேட்டாள்.

"குடித்துவிட்டேன்."

கிழவி கோப்பைக்குள் திரும்பவும் எட்டிப் பார்த்தாள். இதுவும் போச்சு என்று பாலேஸ்வரிக்கு அழுகை முட்டியது. அடுத்த கணம் கிழவி வெடித்துச் சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்துபோய் பேஸ்மென்ற் கதவின் திறப்பைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள்.

"ஒன்றும் பார்க்காமலா?" என்று கேட்டாள் பாலேஸ்வரி.

"வீட்டுக்காகச் சேற்றைக் குடித்தவளிடம் இனி என்ன பார்க்க இருக்கிறது?"

தெருவுக்கு வந்ததும்தான் பாலேஸ்வரிக்கு மூச்சே வந்தது. அண்ணிக்கு முன்னால் பெட்டியோடு நிற்கத் தேவையில்லை. பிள்ளை பிறந்தால் கொண்டுபோக ஒரு வீடு இருக்கிறது.

"என்னப்பா, பல்லெல்லாம் கறுப்பு!" என்றான் சிவபாதம்.

வாயைப் பொத்தத் தோன்றவில்லை அவளுக்கு. தெரு முனை வரைக்கும் பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டே நடந்தாள்.