மாமனாரின் கோட்டு

அவளுடைய மெத்தையைத் தூக்கி வாசலில் போட்டார்கள். குழந்தையின் உடம்பெல்லாம் தடிப்பு. "உங்க வீட்டு மெத்தைதான் பூச்சியக் கொண்டு வந்திருக்கு" என்றார் மாமியார். கணவன்தான் மெத்தையைச் சுருட்டித் தூக்கினான். அவள் அம்மா சாவதற்கு முன் தன் கையால் பஞ்சடைத்துத் தைத்துக் கொடுத்த மெத்தை. குப்பை வண்டி அதை வாரிக்கொண்டு போனது.

மெத்தை போனதே தவிர, தடிப்பு போகவில்லை. அதற்கும் அவளைத்தான் கரித்துக் கொட்டினார்கள். "ஒழுங்காப் பெருக்கினா ஏன் வருது?" சலவைக் கடையில் பகலெல்லாம் ஊரார் அழுக்கோடு மல்லுக்கட்டிவிட்டு வந்து, மூலை முடுக்கெல்லாம் பெருக்கினாள். குப்பையோடு ஏதோ பழுப்புத் தோல்கள் வந்தன, அரிசி அளவில், மயிர் முளைத்து.

ஒருநாள் கடைக்கு ஒரு ஸ்வெட்டர் வந்தது. கம்பளி என்றால் அக்குளைத்தான் முதலில் விரித்துப் பார்ப்பார்கள். அங்கே பொத்தல். பொத்தலைச் சுற்றி அதே தோல்கள்.

"கம்பள வண்டு. அதோட புழு உரிச்சுப் போட்டது" என்றார் கடைக்காரம்மா. "வேர்வை பட்ட கம்பளின்னா அதுக்கு உயிர். அந்த மயிர் பட்டா சிலருக்கு உடம்பு தடிச்சிடும்."

"பஞ்சு மெத்தைல இருக்குமா?"

"வெறும் பஞ்ச வச்சுக்கிட்டு அது என்ன பண்ணும்?"

 வீட்டில் கம்பளி ஒன்றே ஒன்றுதான். செத்துப்போன மாமனாரின் கோட்டு. குழந்தையின் கட்டிலை ஒட்டிய அலமாரியில், அவர் கழற்றி மாட்டியபடியே தொங்கியது. வெளுத்துத் தரட்டுமா என்று ஒருமுறை கேட்டதற்கு, "அவர் வாசனையக் கழுவி ஊத்தப் பாக்கிறியா?" என்று மாமியார் வீட்டை இரண்டாக்கிவிட்டார்.

அன்று மாலை யாரையும் கேட்காமல் அலமாரியைத் திறந்தாள். எடுக்கும்போதே தோள்பட்டை கையோடு பிய்ந்து வந்தது. உள்ளே புழுக்கள் நெளிந்தன. அப்படியே கூடத்துக்குக் கொண்டுவந்து போட்டாள். 

"என்னடி இது?" கணவன் எழுந்தான். "அது அப்பாவோட கோட்டு."

"தெரியும். மெத்தை எங்கம்மாவோடது." வாசல் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டாள். "அதத் தூக்கின கையாலேயே இதையும் தூக்குங்க."

அவன் அசையவில்லை. மாமியார்தான் குனிந்து கோட்டை எடுத்தார். முகத்தருகே கொண்டுபோய் முகர்ந்தார். இன்னொரு முறை முகர்ந்தார்.

"அவர் வாசனை இதுல எப்பவோ போயிடுச்சு" என்றார்.

அவளுக்குப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் கோபம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

"எங்கம்மா வாசனை என் மெத்தைல இருந்துது, அத்தை" என்றாள்.