பத்துக்கு ஒன்பது

பத்துக்குப் பத்து. வெள்ளிக்கிழமை மாலை அந்த எண்ணைப் பெரிதாக எழுதி, தன் மேசைக்கு எதிர்ச் சுவரில் ஒட்டினாள் கட்டம். கையில் பேனா கிடைத்தால் கட்டம் கட்டமாக வரைந்துகொண்டே இருப்பதால் ஆபீஸ் அவளுக்கு வைத்த பெயர் அது. அவளும் அதற்கே திரும்பிப் பார்ப்பாள்.

லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனி. கல்லூரியைப் பாதியில் விட்டுவிட்டு இங்கே வந்தவள், ஆறு வருடம் இரவு ஷிஃப்டில் உட்கார்ந்து, லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களின் போனை எடுத்தாள். திரை வடிவமைப்பைத் தானாகக் கற்றுக்கொண்டாள். மெக்கானிக்குகளுக்கு ஒரு செயலி வேண்டும் என்று பேச்சு வந்தபோது, வெளிக் கம்பெனிக்குக் கொடுக்க இருந்த மேனேஜரோடு ஒரு மாதம் மல்லுக்கட்டி அந்த வேலையை வாங்கினாள்.

செயலியின் உயிர் ஒரே திரையில் இருந்தது. மெக்கானிக் லிஃப்ட் கூண்டின் தலைமேல் ஏறினால், ஆள் மேலே இருப்பது கன்ட்ரோல் அறைக்குத் தெரிய வேண்டும். கூண்டின் மேல், லிஃப்ட் நகராமல் நிறுத்தும் சுவிட்ச் உண்டுதான். அதை மட்டும் நம்பக்கூடாது என்பதால், இதுவரை போன் போட்டுச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். லைன் கிடைக்காத நாட்களைப் பற்றி அங்கே யாரும் பேசுவதில்லை.

அவள் செய்திருந்தது ஒரு மாதிரிச் செயலி. பார்க்க அசல் போல இருக்கும், உள்ளே ஒன்றும் கிடையாது. வரைந்த படங்களும், எந்த இடத்தைத் தொட்டால் எந்தப் படம் வர வேண்டும் என்ற இணைப்புகளும்தான். பத்து மெக்கானிக்குகளை ஒவ்வொருவராக மீட்டிங் அறைக்கு அழைத்து, போனைக் கையில் கொடுத்தாள். அவர்கள் கை வைப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தால் பதறுவார்கள் என்று எதிரே தள்ளி உட்கார்ந்து நேரத்தை மட்டும் குறித்தாள். பத்துப் பேரும் முடித்தார்கள். மேனேஜர் அன்றைக்கே முதலாளியிடம் சொல்லிவிட்டார். திங்கட்கிழமை நிரல் எழுதுகிறவர்களிடம் ஒப்படைப்பு.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தம்பி சாப்பிட வந்தான். அவனும் அதே கம்பெனியில் மெக்கானிக். பத்துப் பேரில் முதலில் முடித்தவன்.

"இருபது செகண்ட், அக்கா. என்னை அடிச்சுக்க ஆள் இல்ல."

"பெருமை போதும். கலரை மாத்தியிருக்கேன், பாரு." அவள் தன் போனை நீட்டினாள்.

அவன் ஒரு தடவை தொட்டான். இன்னொரு தடவை தொட்டான். திரையைத் துடைத்துவிட்டு மறுபடி தொட்டான்.

"இதுல நீலம் வரலையே."

"என்ன நீலம்?"

"எங்க தொட்டாலும் நீலமா சில இடம் மின்னுமே. அதுல அழுத்துனா அடுத்ததுக்குப் போகும். உனக்குத் தெரியாதா? நீதானே வச்ச?"

மாதிரிச் செயலிகளில் அப்படி ஒரு வசதி உண்டு. தவறான இடத்தைத் தொட்டால், தொட வேண்டிய இடங்களை ஒரு நொடி நீலமாகக் காட்டிக் கொடுக்கும். வடிவமைக்கிறவர்களின் சௌகரியத்துக்காக வைத்தது. சோதனைக்கு முன் அணைத்துவிட வேண்டும். தன் போனில் என்றைக்கோ அணைத்திருந்தாள். சோதனைக்குக் கொடுத்த போனில் மறந்துவிட்டாள்.

"எல்லாருக்கும் இது தெரியுமாடா?"

"முதல்ல போனவன் நான். வெளியே வந்து நான்தான் சொன்னேன். 'கண்ட இடத்துல தட்டு, வழி அதுவே காட்டும்'னு. நம்ம அக்கா ஆச்சே, எல்லாரும் பாஸாகட்டும்னு பார்த்தேன்."

"நல்லா பார்த்த."

"யாருக்குத் தெரியப்போகுது? விடு."

"மேல நிக்கிறது நீடா, மடையா."

அவன் போனை அவள் பக்கம் தள்ளி வைத்தான்.

திங்கட்கிழமை காலை மேனேஜரின் அறைக்குப் போய், கதவைச் சாத்தாமலேயே சொன்னாள். "பத்துக்குப் பத்து பொய் சார். தப்பு என்னோடது."

மேனேஜர் கண்ணாடியைக் கழற்றினார். "முதலாளிகிட்ட சொல்லிட்டேனேம்மா."

"நான் வேணா போய்ச் சொல்றேன்."

"நீ போய் என் மானத்தை வாங்க வேண்டாம். வியாழக்கிழமை வரைக்கும் டைம். நானே பக்கத்துல நின்னு பார்ப்பேன். எட்டுப் பேருக்குக் குறைஞ்சா, வெளிக் கம்பெனி. அப்புறம் நீ பழையபடி போன் எடுக்கப் போயிடு."

சுவரில் இருந்த தாளைக் கிழித்தாள். நீலத்தை அணைத்துவிட்டு, அதே பத்துப் பேரிடம் மறுபடி கொடுத்தாள். மூன்று பேர் முடித்தார்கள். அந்த மூன்று பேரும் தட்டுத் தடுமாறித்தான் முடித்தார்கள்.

செவ்வாய்க்கிழமை தம்பியோடு ஒரு பழைய அடுக்குமாடிக் கட்டிடத்துக்குப் போனாள். ஐந்தாவது மாடிக் கதவைத் திறந்து அவன் கூண்டின்மேல் இறங்கினான். அவள் வாசலில் மண்டியிட்டு எட்டிப் பார்த்தாள். எண்ணெய் வாடை, கம்பிக் கயிறுகள், ஒரே ஒரு விளக்கு. அவன் வலது கை கம்பியைப் பிடித்துக்கொண்டது. போன் இடது கையில் இருந்தது. அவள் வைத்த பொத்தானோ வலது மூலையில், கடுகளவு. கையுறை போட்ட கட்டைவிரல் அங்கே எட்டவே இல்லை.

"கையை எடுத்துட்டு அழுத்தேன்."

"எடுக்கச் சொல்றியா? சொத்து கித்து எழுதி வாங்கப் போறியா?"

அவள் சிரிக்கவில்லை. மீட்டிங் அறையில் நாற்காலி போட்டு, ஏசி போட்டு, வெறுங்கையில் போனைக் கொடுத்துச் சோதித்ததை நினைத்துப் பல்லைக் கடித்தாள். நீலம் இல்லாமல் இருந்திருந்தாலும் அந்தச் சோதனை குப்பைதான்.

"இந்த ஸ்பேனர் படம் என்னன்னு நினைச்ச?"

"செட்டிங்ஸ்."

"அதுதான் வேலை ஆரம்பம்னு வச்சேன்."

"அப்படின்னு எழுதித் தொலைச்சிருக்கலாமே."

"மேல ஏறுனா கன்ட்ரோலுக்குப் போன்ல என்ன சொல்லுவீங்க?"

"ஏறிட்டேன்னு சொல்லுவோம். வேற என்ன சொல்லுவாங்க?"

அங்கேயே உட்கார்ந்து, போன் அளவுக்கு அட்டை வெட்டி வரைந்தாள். திரையின் கீழ்ப்பாதி முழுக்க ஒரே பொத்தான். அதில் ஒரே சொல்: 'ஏறிட்டேன்'. தெரியாமல் விரல் பட்டுப் பதிவாகிவிடாதபடி, மூன்று நொடி அழுத்திப் பிடிக்க வேண்டும். பதிவானதும் போன் அதிரும், திரை முழுக்கச் சிவப்பாகும். இறங்கும்போது 'இறங்கிட்டேன்'. அவ்வளவுதான். ஒரு மாதம் உட்கார்ந்து வரைந்த பதினான்கு படக்குறிகளையும் தூக்கிப் போட்டாள். கொஞ்சம் வலித்தது. அட்டையைத் தம்பியிடம் வீசினாள். அவன் இடது கையால் பிடித்து, பார்க்காமலேயே கட்டைவிரலை வைத்தான். விரல் பொத்தானின்மேல் இருந்தது.

புதன்கிழமை முழுக்க அட்டையைத் திரையாக்கினாள். நீலம் அணைந்திருக்கிறதா என்று நாலு முறை பார்த்தாள்.

வியாழக்கிழமை சோதனை, கம்பெனியின் பயிற்சி லிஃப்டில். ஹெல்மெட் போட்டு வாசலில் நின்றார் மேனேஜர். ஒவ்வொருவராகக் கூண்டின்மேல் இறங்கினார்கள். போன் அதிர்ந்தது, திரை சிவந்தது. எட்டாவது ஆள் முடித்ததும் மேனேஜர் அவள் பக்கம் திரும்பாமலேயே தலையாட்டினார். ஒன்பதாவது ஆளும் முடித்தான். கடைசியாகத் தம்பி.

அவன் போனைப் பிடித்தான். பட்டென்று ஒரு தட்டு. மேலே ஒரு தட்டு, ஓரத்தில் ஒரு தட்டு. எதையும் பிடித்து அழுத்தவில்லை. செவ்வாய்க்கிழமை அட்டையில் சரியாகக் கை வைத்தவன்தான். கையில் நிஜப் போன் வந்ததும் விரல் பழைய புத்தியில் நீலத்தைத் தேடியது. ஒரு நிமிடம் கடந்தது. மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்து, "போதும்ப்பா" என்றார்.

மேலே ஏறி வந்தவன் அவள் காதோரம் முணுமுணுத்தான். "எனக்கு எல்லாம் தெரியும்க்கா. அவசரத்துல விட்டுட்டேன். பத்துன்னே போட்டுக்க."

"நீ ஃபெயில்டா."

"சொந்தத் தம்பியையா?"

"சொந்தத் தம்பியைத்தான்."

அவள் தாளில் ஒன்பது என்று எழுதி, மேனேஜரிடம் நீட்டினாள். அவர் படித்துவிட்டு, கையெழுத்துப் போடும் முன் கேட்டார்: "ஒண்ணு குறையுதே. யாரு, உன் தம்பியா?"

"ஆமா சார். நெசம்."

"திங்கட்கிழமை ஒப்படைச்சிடு. முதலாளிகிட்ட நீயே வந்து காட்டு. நான் பக்கத்துல நிக்கிறேன்."

இரண்டு மாதம் கழித்துச் செயலி எல்லோருடைய போனிலும் வந்தது. புதிதாகச் சேர்ந்த மெக்கானிக் ஒருவனுக்குக் கூண்டின்மேல் நின்றபடி அதைக் காட்டிக்கொண்டிருந்தான் தம்பி. படிக்கட்டில் வந்துகொண்டிருந்த கட்டத்தின் காதில் அது விழுந்தது.

"பிடிச்சு அழுத்து. மூணு செகண்ட். ம், அவ்வளவுதான். எங்க அக்கா பண்ணது. இதுல சோதனை வச்சப்போ பத்துல ஒருத்தன்தான் ஃபெயில்." குரல் நிமிர்ந்தது. "அந்த ஒருத்தன் நான்தான்."