முதுகில்லாத பச்சை உடை

1.
இந்தக் கதை எனக்குப் பக்கத்து வீட்டுக் கொடிக்கயிற்றில் கிடைத்தது. நோன்புப் பெருநாளுக்குக் குடும்பமே ஒரே பச்சைத் துணியில் தைத்து, அலசிக் காயப்போட்டிருந்தார்கள். ஒன்றுக்கு மட்டும் முதுகு இல்லை. பிடரியில் ஒரு வெல்க்ரோ ஒட்டுப்பட்டை; அதற்குக் கீழே முழுக்கத் திறப்பு.

அது இர்டினாவுடையது. பதினைந்து வயது, சக்கர நாற்காலியில் இருப்பவள்.

2.
'ரொஹானி தன் மகளுக்காக அன்போடு...'

அடித்துவிட்டேன். முதல் வரியிலேயே அன்பு வந்தால் எனக்குச் சந்தேகம் வரும்.

இர்டினாவின் அம்மா ரொஹானியிடமே கேட்டேன்.

"அவளுக்குக் கை மடங்காதுக்கா. தலை வழியா மாட்டறதுக்குள்ள ரெண்டு பேரும் அழுதுடறோம். இதுன்னா முன்னாலேர்ந்து நுழைச்சா போதும். சாஞ்சுதானே உட்கார்ந்திருக்கா, முதுகை யாரு பார்க்கப் போறா?"

(நியாயம்தான். ஆனால் அந்தக் கடைசிக் கேள்வியில் ஏன் அத்தனை அவசரம்?)

3.
இர்டினாவின் சந்தேகம் என்னுடையதைவிடக் கூர்மையானது.

"பெருநாளன்னிக்கு வீடு வீடா போவோம்ல ஆண்ட்டி? ஒவ்வொரு வாசல்லயும் அப்பா என்னைத் தூக்கித்தானே இறக்கணும்? தூக்கினா முதுகு தெரியும். அப்போ இந்தச் சட்டை எதுக்கு? எங்க வீட்டு வாசல்ல போட்டோ எடுக்க. அப்புறம் நான் வீட்டுல, அவங்க கார்ல."

"அம்மாகிட்ட கேட்டியா?"

"கேட்டா, 'சீ, அப்படியெல்லாம் இல்லடி'ம்பாங்க. அது ஒரு பதிலா?"

[இங்கே அவள் அழுததாக எழுதியிருந்தேன். அழவில்லை. என் முகத்தைத்தான் வேவு பார்த்துக்கொண்டிருந்தாள்.]

4.
ஒரு முடிவு எழுதினேன்: மிச்சத் துணியில் ரொஹானி முதுகுக்கு இரண்டு துண்டுகள் வைத்துத் தைக்கிறாள். ஒன்றன்மேல் ஒன்று படிந்து முதுகு மூடிக்கொள்கிறது. போடவும் சுலபம். எல்லாரும் காரில் ஏறுகிறார்கள்.

அவர்கள் வீட்டுக் கூடத்தில் இர்டினாவுக்கு வாசித்துக் காட்டினேன்.

"கதையில மட்டும் துணி எப்பவும் மிஞ்சும்போல" என்றாள். "இங்க மிஞ்சினதுல அம்மா சோபா குஷனுக்கு உறை தச்சாச்சு. குஷனுக்கு முதுகு இருக்கு ஆண்ட்டி. எனக்கில்ல."

சமையலறை வாசலில் ரொஹானி நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை.

"வாய் நீளம்டி உனக்கு" என்றாள்.

"கைதான் மடங்காது, வாய்க்கென்ன? முதல்ல கார்ல ஏறணும்மா. எல்லார் வீட்டுக்கும் போயிட்டு வந்தப்புறம்தான் போட்டோ. இல்லன்னா போட்டோல நான் இல்ல."

5.
ரொஹானி சோபாவில் உட்கார்ந்து, பச்சைக் குஷனை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, அதன் தையலை நகத்தால் நெருடினாள். உடைக்கு முதுகு வைக்க அதைப் பிரிக்கப் போகிறாளா, பார்வையைத் தாழ்த்திக்கொள்ள ஏதாவது வேண்டியிருந்ததா? இரண்டையும் எழுதிப் பார்த்தேன். இரண்டிலும் அவள் என்னை நம்பவைத்துவிட்டாள். அதனால்தான் எழுந்து வந்துவிட்டேன். நீங்கள் இன்னும் கொஞ்சம் இருங்கள். அவள் முகத்தைப் பார்க்காதீர்கள், நகத்தைப் பாருங்கள். இர்டினா அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.