துடைத்துவிட்ட படலம்

இப்போதெல்லாம் ஒரு இடத்துக்குப் போனால், ‘உட்காருங்க’ என்று சொல்வதற்கு முன்னால் ‘எதையும் தொடாதீங்க’ என்று சொல்லிவிடுகிறார்கள். வருகிறவன் என்ன குரங்கா? ஆயுசு முழுக்கப் பட்டறை உலையோடு மல்லுக்கட்டினவன் நான். இரும்பைப் பழுக்கக் காய்ச்சி, எண்ணெயில் முக்கி, மேலே படிந்த கருப்பைத் தேய்த்து எடுத்தால்தான் எங்கள் சரக்கு வாசல் தாண்டும். தேய்க்காமல் அனுப்பினால் முதலாளி மூஞ்சியிலேயே விட்டெறிவார். அப்படிப்பட்ட என்னிடம் என் மருமகளும் அதையேதான் சொன்னாள்.

அவளுக்கு ஆராய்ச்சிக்கூடத்தில் தற்காலிக வேலை. அன்றைக்கு வெளியிலிருந்து மூன்று பேர் வந்து அவள் செய்து வைத்திருப்பதைச் சோதித்துப் பார்த்து, வேலையை நிரந்தரமாக்கலாமா வேண்டாமா என்று சொல்லப் போகிறார்கள். அந்தப் பதற்றத்தில் மூக்குக் கண்ணாடியை வீட்டிலேயே விட்டுவிட்டாள். மகன் வேலைக்குப் போயாகிவிட்டது. நான்தான் எடுத்துக்கொண்டு போனேன்.

என்ன வேலை என்று வீட்டில் ஏற்கெனவே விளக்கியிருந்தாள். கண்ணாடித் துண்டின்மேல் மெல்லிசாக ஒரு உலோகப் படலம் ஏற்றுவாளாம். அதன் ஒரு முனையைச் சூடாக்கி மறுமுனையைக் குளிர வைத்தால் மின்சாரம் வருமாம்.

“அப்படின்னா எனக்கும் வரணுமே” என்றேன். “முதுகுல வெயிலு, வயித்துல நிழலு. ஒரு விளக்கை மாட்டிப் பாரேன்.”

மகன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. இந்த மாதிரி நான் பேசியது ஒரு தடவை இரண்டு தடவை இல்லை.

கூடத்தில் மூக்குக் கண்ணாடியை வாங்கிக்கொண்டு என்னை ஒரு நாற்காலியில் உட்கார வைத்தாள். “மாமா, எதையும் தொடாதீங்க. அவங்களைக் கூட்டிட்டு வந்துடறேன்” என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

மேசைமேல் மூடி திறந்த பெட்டி ஒன்று. உள்ளே கண்ணாடித் துண்டுகள். ஒரு வரிசை முகம் பார்க்கிற மாதிரி பளபளவென்று இருந்தது. மறு வரிசை மங்கலாக, சாம்பல் அப்பினது போல. பக்கத்தில் ஒரு குட்டி உலை. எனக்குப் புரிந்துவிட்டது. உலையில் போட்டு எடுத்திருக்கிறாள், கருப்புப் படிந்திருக்கிறது, அவசரத்தில் ஒரு வரிசையை மட்டும் துடைத்துவிட்டு மிச்சத்தை அப்படியே விட்டிருக்கிறாள். பெரிய மனுஷங்க முன்னால் அழுக்குச் சரக்கை வைக்கலாமா? என் கைக்குட்டையில் எச்சில் தொட்டு மங்கலானதை ஒவ்வொன்றாகத் தேய்த்தேன். லேசில் வரவில்லை. நகத்தால் சுரண்டினேன். கடைசியில் எல்லாம் தண்ணீர் மாதிரித் தெளிந்துவிட்டது. வரிசை கலையாமல் அடுக்கியும் வைத்தேன். மருமகள் ஒரு வார்த்தை நல்லதாகச் சொல்வாள் என்று நினைத்தேன், மடையன்.

மூவரும் வந்தார்கள். அவள் பெட்டியைப் பார்த்தாள். துண்டு ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். என் கையைப் பார்த்தாள். கைக்குட்டை முழுக்கச் சாம்பல். முகம் வெளுத்துப்போய்விட்டது.

பளபளப்பான துண்டு ஒன்றை எடுத்து, ஒரு முனையைச் சூட்டுத் தட்டிலும் மறுமுனையைப் பனிக்கட்டிமேலும் வைத்தாள். மீட்டர் முள் சும்மா பேருக்கு அசைந்தது.

“இது சூடு காட்டாத படலம் சார். அணுவெல்லாம் கூட்டத்துல இடிச்சுப் பிடிச்சு உக்காந்த மாதிரி இருக்கும். உலையில அளவா சூடு காட்டினா ஒழுங்கா வரிசைக்கு வரும், மின்சாரம் பல மடங்கு கூடும். சூடு மீறினா பாதிப் பொருள் ஆவியாயிடும். அந்தச் சரியான சூட்டைக் கண்டுபிடிச்சதுதான் என் வேலை.”

“சரிம்மா, சூடு காட்டினது எங்கே?” என்றார் மூவரில் தலை நரைத்தவர்.

“எடுக்கும்போது கெட்டுப்போச்சு சார். என் கவனக்குறைவு.”

நான் சிலுக்குத் துணியில் அழுக்கெடுக்கிறேன் என்று துணியையே கிழித்தவன் ஆகிவிட்டேன்; பழியை அவள் தலையில் போட்டுக்கொள்கிறாள். என்னைத் திட்டியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். எழுந்து நின்றேன்.

“அவ இல்லைங்க. நான்தான் தொடைச்சேன். கரின்னு நெனச்சேன்.”

மூவரும் என்னைப் பார்த்தார்கள். பிறகு நரைத்தவர் சிரித்தார். மரியாதையான சிரிப்புதான். “பெரியவரே, எங்க ஆளுங்களும் முதல்ல அப்படித்தான் நெனச்சாங்க” என்றார். செருப்பால் அடித்திருக்கலாம்.

போகும்போது அவளிடம், “மறுபடி செஞ்சு வைங்க. அடுத்த சுற்றுல பாக்கலாம். அதுவரைக்கும் இப்ப இருக்கற மாதிரி தற்காலிகமாவே” என்றார். அடுத்த சுற்று எப்போது என்று அவளும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

கதவு சாத்தியதும் என் பக்கம் திரும்பினாள்.

“மாமா, உண்மையைச் சொல்லுங்க. வேணும்னே செஞ்சீங்களா?”

அந்தக் கேள்வியைக் கேட்கிற மாதிரிதான் நான் அவளிடம் இதுவரை நடந்திருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. “சத்தியமா இல்லைம்மா” என்றேன். நம்பினாளா தெரியவில்லை.

“அந்தச் சாம்பல்தான் மாமா சரக்கே. பளபளப்பு இல்லை.”

“துணியில வந்துடற சரக்கு என்னம்மா சரக்கு?” வாய் முந்திக்கொண்டது.

அவள் ஒரு புதுக் கண்ணாடித் துண்டை எடுத்து ஊதித் தூசி நீக்கினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “இருங்க, வண்டியில கொண்டுபோய் விடறேன்” என்றாள்.

வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினேன். தப்பு என்னுடையது, அதில் மறுபேச்சே இல்லை. வீட்டில் மகன் முகத்தில் எப்படி விழிப்பேனோ. ஆனாலும் ஒரு கைக்குட்டைக்குத் தாங்காததை வேலைப்பாடு என்று சொல்ல இன்னமும் எனக்கு வாய் வரவில்லை. தெருவோரமாகவே நடந்தேன்.