கட்டிலுக்கு அடியில் செங்கல்

எங்கள் தெருவுக்கு வருகிறவர்கள் எல்லோரும் ஒரே மாதிரிதான் சொல்வார்கள்: "என்ன அமைதி!" தெருமுனையில் கால்வாய்த் தண்ணீர், இரண்டு பக்கமும் ஒட்டி ஒட்டி வீடுகள். பத்து நிமிடம் நடந்தால் பழைய நகரம். அங்கே கல் கட்டடங்கள், மணிக்கூண்டு, படம் எடுக்கிற கூட்டம். இங்கே ஒருவர் தும்மினால் நாலு வீட்டுக்குக் கேட்கும். இந்த அமைதியைக் கண்டாலே எனக்கு இப்போது பற்றிக்கொண்டு வருகிறது.

என் வீட்டுக்காரருக்குக் கால்வாய் மதகில் வேலை. கடல் பொங்கி வரும்போது மதகின் கதவை இறக்கிவிடுவார்கள். பழைய நகரத்துக்குள் தண்ணீர் போகாது. அங்கே போகாத தண்ணீர் எங்கே போகும் என்று எங்களிடம் யாரும் சொன்னதில்லை. நாங்களும் கேட்டதில்லை.

போன மழைக்காலத்தில் ஒரு மாலை, பின்வாசலில் கிடந்த செங்கற்களைத் தூக்கி வந்து அத்தையின் கட்டில் கால்களுக்கு முட்டுக் கொடுத்தார். என் மாமியார் படுத்த படுக்கை. முன்னறையில்தான் கட்டில்.

"எதுக்குங்க இது?"

"அம்மாவுக்குக் கால் வீங்கியிருக்குல்ல. உயரமா இருந்தா நல்லது."

கால் வீக்கத்துக்குக் கால்மாட்டை மட்டும் தூக்கினால் போதாதா, நாலு காலுக்கும் எதற்கு? அதைக் கேட்க அப்போது புத்தி வேலை செய்யவில்லை. அடுப்பில் பால் பொங்குகிற சத்தம் கேட்டு ஓடிவிட்டேன்.

விடியும்போது வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர். எதிர்வீட்டில் இருப்பவள் என் தங்கை. வீட்டிலேயே தையல் வேலை. யாரோ ஒரு கல்யாணப் பெண்ணுக்காகத் தைத்து அடுக்கியிருந்த துணியெல்லாம் சாக்கடைத் தண்ணீரில் மிதந்தது. தையல் மெஷினின் மோட்டார் ஊறிப்போயிருந்தது. அழுதுகொண்டே எங்கள் வீட்டுக்கு வந்தவள், சொட்டு ஈரம் படாமல் படுத்திருந்த அத்தையைப் பார்த்தாள்.

"நல்லவேளை, நீங்க தப்பிச்சீங்க அத்தை," என்றாள். மனசாரத்தான் சொன்னாள்.

அத்தைக்குப் பெருமை தாங்கவில்லை. "என் பிள்ளை நேத்து சாயங்காலமே செங்கல் வச்சுட்டான்ல! கெட்டிக்காரன்."

தங்கை என்னைத் திரும்பிப் பார்த்தாள். எனக்கே அப்போதுதான் உறைத்தது என்றால் யார் நம்புவார்கள்?

"ஒரு குரல் குடுத்திருக்கலாமேக்கா. நடுவுல ஒரு தெருதானே," என்றாள். அதற்குப் பிறகு என்னோடு பேச்சில்லை.

அன்று அவரை உலுக்கி எடுத்துவிட்டேன்.

"முன்கூட்டியே தெரிஞ்சா ஜனம் மதகுல வந்து நின்னுடும், இறக்க விடாது. வெளியில மூச்சு விட்டா வேலை போயிடும்," என்றார்.

"எங்கிட்டகூடவா?"

"உங்கிட்ட சொன்னா உன் தங்கச்சிகிட்ட சொல்லாம இருப்பியா?"

இருக்க மாட்டேன்தான்.

தண்ணீர் வடிந்ததும் செங்கற்கள் பின்வாசலுக்குப் போய்விட்டன. ஆனால் விஷயம் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. யாரும் சண்டைக்கு வரவில்லை; அமைதியான தெரு அல்லவா! வானம் கறுத்தால் போதும், எங்கள் வாசலில் எல்லோருக்கும் நடை தளரும். காய்கறிப் பையோடு போகிறவர், நாயைக் கூட்டிப்போகிறவர், எல்லோர் கண்ணும் சன்னல் வழியாகக் கட்டில் காலுக்குத்தான் போகும். வானிலை அறிக்கையைவிட எங்கள் கட்டிலைத்தான் நம்பினார்கள். சிரிப்பாகத்தான் இருந்தது, ஆனால் கூசிப்போவேன். தங்கை மட்டும் ஒரு நாளும் எட்டிப் பார்க்கவில்லை.

போன வெள்ளிக்கிழமை மதியம் வேலையிலிருந்து வந்தவர் சரியாகச் சாப்பிடவில்லை. சன்னலைச் சாத்திவிட்டு, "சாயங்காலம் நாம ரெண்டு பேருமா அம்மாவ மாடிக்குத் தூக்கிடலாம். செங்கல் வேணாம், தெருவே பாக்குது," என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்தார்.

எதிரே தையல் மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டது. புது மோட்டார்.

எழுந்து போய் வாசல் கதவையும் சன்னலையும் அகலத் திறந்தேன். செங்கற்களை இரண்டிரண்டாகச் சுமந்து வந்து, வேண்டுமென்றே சத்தம் வரத் தரையில் போட்டேன். கட்டிலை ஒவ்வொரு மூலையாக நெம்பி முட்டுக் கொடுத்ததில் இடுப்பு விட்டுப்போனது.

"எனக்குக் கால்ல வீக்கமே இல்லையேம்மா," என்றார் அத்தை.

"சும்மா இருங்க அத்தை. வந்தாலும் வரும்."

நாய்க்காரர் சன்னல் எதிரே நின்றார். பார்த்தார். நாயை இழுத்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் போனார். கொஞ்ச நேரத்தில் வீட்டுக்கு வீடு கதவு திறந்தது. பீரோ இழுபட்டது, பரணில் பெட்டி ஏறியது. நான் வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து அந்தத் தெருவில் அவ்வளவு சத்தம் கேட்டதில்லை.

எதிர்வீட்டில் மெஷின் நின்றது. தங்கை வாசலுக்கு வந்தாள். கட்டிலைப் பார்த்தாள், பிறகு என் முகத்தைப் பார்த்தாள். சிரிக்கவில்லை. உள்ளே போய் மெஷினை இழுக்க ஆரம்பித்தாள். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

சத்தத்தில் அவர் எழுந்து வந்தார். செங்கல்லைப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது.

"என்ன காரியம் பண்ணிட்டே? தெருவுக்கே எப்படித் தெரிஞ்சுதுன்னு நாளைக்கு மேலதிகாரிங்க கேப்பாங்க. நான் என்ன சொல்றது?"

எனக்கும் பயம்தான். இந்த வேலை போனால் எங்களுக்கு வேறு போக்கிடம் இல்லை.

"அம்மாவுக்குக் கால் வீக்கம்னு சொல்லுங்க," என்றேன்.